நீலகிரியின் பழைய பாதைகளை மிதிவண்டிக்குத் திறந்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சித்திரை பிறந்துவிட்டால் நீலகிரியைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியாகும் செய்திகள் பெரும்பாலும் ஒரே பொருளைச் சுற்றி அமைந்துவிடுகின்றன: குன்னூர் மலைப்பாதையில் மணிக்கணக்கில் நிற்கும் கார்கள், கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடப்படும் வாகனங்கள், சோதனைச் சாவடியில் இ-பாஸ் காட்டக் காத்திருக்கும் குடும்பங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடைக்கு, வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதி நாள்களில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. இவை தேவையான கட்டுப்பாடுகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எத்தனை வண்டிகளை நிறுத்துவது என்று இவ்வளவு விவாதிக்கும் நாம், காரை அடிவாரத்தில் விட்டுவிட்டு வருகிறவர் இந்த மலையை எப்படிச் சுற்றிப் பார்ப்பார் என்ற கேள்விக்கு இன்னும் உருப்படியாக ஒரு விடை சொல்லவில்லை. மிதிவண்டி அதற்கு ஒரு நல்ல விடை என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்கான காரணங்களைத் தங்கள் வாசகர்கள் முன்பும், தங்கள் வழியாக மாவட்ட நிர்வாகத்தின் முன்பும் வைக்கவே இந்தக் கடிதம்.

நான் கோத்தகிரி வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். கடந்த பதினான்கு ஆண்டுகளாகக் கியர் வைத்த மிதிவண்டியில் இந்த மலையைச் சுற்றி வருகிறேன். அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: நீலகிரியில் மிதிவண்டித் தடங்களை உருவாக்கப் புதிதாக ஒரு கூடை மண்கூட வெட்ட வேண்டியதில்லை. தடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை அடையாளம் காட்டும் கல்லும், ஆண்டுக்கொருமுறை பராமரிக்கும் ஆளும், போகலாம் என்று சொல்லும் ஓர் ஆணையும்தான் இல்லை.

இந்தத் தடங்கள் எப்படி உண்டாயின என்பதைச் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் மிதிவண்டிக்கு அவை பொருந்துவதன் காரணம் அதில்தான் இருக்கிறது. ஆங்கிலேயர் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே ஹட்டி எனப்படும் படகர் ஊர்களையும், கோத்தர் ஊர்களையும், மந்து எனப்படும் தோடர் குடியிருப்புகளையும், குறும்பர் குடியிருப்புகளையும் இணைக்கும் ஒற்றையடிப் பாதைகள் இங்கே இருந்தன. படகரின் தானியமும், தோடரின் நெய்யும், கோத்தரின் மண்பாண்டமும் இரும்புக் கருவிகளும், குறும்பரின் தேனும் அந்தப் பாதைகளின் வழியாகவே கைமாறின. கோவை மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி வந்து, கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் தங்குவதற்கு ஒரு பங்களா கட்டினார். அவருடைய முயற்சியால் 1820-களின் தொடக்கத்தில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் ஏறும் தடம் வெட்டப்பட்டது. அதன் பிறகு தேயிலை வந்தது; தோட்டம்தோறும் இலை சுமக்கவும் மேற்பார்வைக்குக் குதிரையில் போகவும் பாதைகள் பிறந்தன. 1950-களிலும் 60-களிலும் கனடா நாட்டின் உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் உருவானபோது, அணைகளுக்கும் மின்நிலையங்களுக்கும் தளவாடங்களைக் கொண்டு செல்ல இன்னொரு வலைப்பின்னலாகச் சாலைகள் போடப்பட்டன.

சுமை தூக்கிய மனிதனும் பொதி சுமந்த விலங்கும் மூச்சு முட்டாமல் ஏறுவதற்காகப் போட்ட பாதை, மிதிவண்டி மிதிக்கிறவனுக்கும் பொருந்தியே தீரும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு வரும் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 33 கிலோமீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரம் ஏறுகிறோம். சராசரியாக 100 மீட்டர் தூரத்துக்கு நான்கு, ஐந்து மீட்டர் ஏற்றம்தான். சிறிய கியரில் நிதானமாக மிதித்தால், அறுபதைக் கடந்த என் போன்றவர்களும் இடையிடையே இளைப்பாறி நான்கைந்து மணி நேரத்தில் மேலே வந்துவிட முடிகிறது. இதற்கு நேர் எதிரானது, மசினகுடியிலிருந்து உதகைக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் கல்லட்டிப் பாதை. 2008 டிசம்பரில் முதன்முதலாக நடந்த டூர் ஆஃப் நீலகிரிஸ் பயணத்தின் வழியாக நாட்டின் பல பகுதி மிதிவண்டி வீரர்களுக்கு அந்த ஏற்றம் பெயர்பெற்றுவிட்டது. அது தேர்ந்தவர்களுக்கு உரியது. நான் பேசுவது பள்ளிப் பிள்ளைகளும், நடுவயதுத் தம்பதியரும், சமவெளியிலிருந்து முதல்முறையாக மலைக்கு வருகிறவர்களும் போகக்கூடிய தடங்களைப் பற்றி.

அப்படிப்பட்ட ஒன்று கோத்தகிரியிலிருந்து ஈளாடா வழியாகக் கோடநாடு போகும் சுமார் 18 கிலோமீட்டர் வழி. தை மாதத்தில் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால், தேயிலைச் செடிகளின் மேல் சிலந்தி வலைகள் பனித்துளி கோத்து வெள்ளைத் துணி உலர்த்தியது போலக் கிடக்கும். ஈளாடா அணையின் நீர்மேல் புகை போல ஆவி எழும். இலை பறிக்கும் பெண்கள் செடியின் ஈரம் படாமல் இடுப்பைச் சுற்றிப் படுதா கட்டிக்கொண்டு வரிசைக்குள் இறங்கும் நேரம் அது. அவர்கள் கையிலுள்ள கத்தரிகளின் ஓசை, யாரும் கண்ணில் படாதபோதும், பனிக்குள்ளிருந்து சீராகக் கேட்டுக்கொண்டிருக்கும். ஒருமுறை அந்த ஓசையோடு இன்னொன்றும் கலந்து கேட்கவே மிதிப்பதை நிறுத்தினேன். சாலையிலிருந்து இருபதடி தள்ளிச் செடிகளுக்கு நடுவே ஒரு காட்டுமாடு நின்று புல்லை இழுத்து மென்றுகொண்டிருந்தது. நான்கு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளை உறை மாட்டியது போன்ற நிறம், முதுகின் மேல் திமிலென எழுந்த தசை, மூக்கிலிருந்து வரும் மூச்சின் ஆவி, எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. அது தலையைத் தூக்கி ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கியது. நான் சைக்கிளை மெல்லப் பின்னால் உருட்டி, அது வரிசையைக் கடந்து இறங்கும் வரை கால்மணி நேரம் காத்திருந்தேன். கண்ணாடி ஏற்றிய காரில் போயிருந்தால், ஒன்று அதைப் பார்த்திருக்கவே மாட்டேன்; அல்லது ஆரன் அடித்து அதை மிரட்டியிருப்பேன். வழி முடியும் இடத்தில் கோடநாடு காட்சிமுனை. கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு, அதன் மடியில் தெங்குமரஹாடா வயல்கள், தொலைவில் பவானிசாகர் நீர்ப்பரப்பு, இந்தப் பக்கம் ரங்கசாமி மலை. மூன்று மணி நேரம் மிதித்து வந்து அதைப் பார்ப்பவர் அங்கே அரை மணி நேரமாவது உட்காருகிறார். காரில் வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

மேற்குப் பக்கம் உதகையிலிருந்து முத்தோரை பாலாடா, இத்தலார் வழியாக எமரால்டு போகும் வழி முற்றிலும் வேறு முகம் கொண்டது. அங்கே தேயிலை குறைந்து, படிப்படியாக வெட்டிய காய்கறித் தோட்டங்கள் தொடங்குகின்றன. பாலாடாவில் கேரட் கழுவும் இயந்திரங்கள் உருளும் சத்தமும் ஈரமண் வாசனையும் சாலை வரை வரும். மலைமேல் உழவர் எப்படிப் பிழைக்கிறார் என்பதைச் சமவெளிப் பிள்ளைக்குக் காட்ட அதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. குன்னூருக்கும் உதகைக்கும் நடுவில் கேத்திப் பள்ளத்தாக்கின் ஊர்களைத் தொட்டுச் செல்லும் சிறுசாலைகளும், கட்டபெட்டு வழியாகக் கோத்தகிரியையும் குன்னூரையும் இணைக்கும் சாலையை ஒட்டிய கிளைப் பாதைகளும் இதே தகுதி உடையவை. மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் காரமடைக்கு 43 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் சாலைக்கு அழகில் முதலிடம் கொடுப்பேன். ஆனாலும் யானைகள் நடமாடும் அந்த வழியை முதல் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

இவை தார் போட்ட வழிகள். தோட்டங்களுக்குள் ஓடும் மண்பாதைகளைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் மலை மிதிவண்டியின் உண்மையான இடம் அதுதான். சரியாகச் செய்யாவிட்டால் கேடு விளையக்கூடிய இடமும் அதுதான். கோத்தகிரிக்கு அப்பால் ஒரு தோட்டத்தில், ஒரே மலைச்சரிவில், இரண்டு பாதைகள் அருகருகே இருக்கின்றன. ஒன்று பழைய குதிரைப் பாதை. மலையின் இடுப்பைச் சுற்றிப் போட்ட அரைஞாண் போல, மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, சுற்றிக்கொண்டு போகிறது. மற்றது ஜீப் விரைவாக மேலே போக வேண்டும் என்று சரிவில் நேராக மேல்நோக்கி வெட்டிய வழி. ஒரு வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, புல் மூடியிருந்ததால் கவனிக்காமல், அந்த நேர்வழியில் இறங்கினேன். முன்சக்கரம் திடீரென்று ஒரு பிளவுக்குள் செருகி, நான் தலைக்கு மேலாகத் தூக்கியெறியப்பட்டு மணிக்கட்டு பிசகியது. வலி அடங்கிய பிறகு சக்கரத்தை அந்தப் பிளவில் நிறுத்திப் பார்த்தேன். அச்சுக்கு மேலே ஒரு சாண் வரை மண்ணுக்குள் மறைந்தது. ஒரே மழைக்காலத்தில் தண்ணீர் அவ்வளவு மண்ணை அரித்துக்கொண்டு போயிருக்கிறது. முப்பது அடி தள்ளியிருந்த குதிரைப் பாதையில், உதிர்ந்த சில்வர் ஓக் இலைகளைத் தவிர, மழை பெய்த சுவடே இல்லை.

ஒரு புவியியல் ஆசிரியனுக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. நேராக இறங்கும் பாதை தண்ணீருக்கு வாய்க்காலாகிவிடுகிறது. சரிவை ஒட்டிச் சுற்றிப் போகும் பாதையிலோ, மேலிருந்து வரும் தண்ணீர் அதைக் குறுக்காகக் கடந்து கீழே வழிந்துவிடுகிறது. உலகெங்கும் மலை மிதிவண்டித் தடம் அமைப்பவர்கள் பின்பற்றும் விதிகளும் இதையே சொல்கின்றன. தடத்தின் சரிவு, அது கடந்து செல்லும் மலைச்சரிவில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. மொத்தத்தில் சராசரி 100-க்கு 10-ஐத் தாண்டக் கூடாது. தடத்தின் மேற்பரப்பு பள்ளத்தாக்குப் பக்கம் மிக லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். நீண்ட இறக்கத்தின் நடுவே ஆங்காங்கே சிறு ஏற்றம் ஒன்று வந்து, சேர்ந்த தண்ணீரை வெளியே தள்ளிவிட வேண்டும். இவை எவற்றையும் ஏட்டில் படிக்காத அந்தக் காலத்துப் பாதை வெட்டிகள், குதிரை வழுக்காமல் போக வேண்டும் என்ற ஒரே கவலையால் அத்தனையையும் செய்துவைத்திருக்கிறார்கள். அந்தப் பாதைகளைத் தேடிக் கண்டுபிடித்துத் திறந்தாலே போதும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் நிகழ்ந்த நிலச்சரிவுகள் 40-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. இப்படிப்பட்ட மலையில், சுற்றுலாவின் பெயரால் பொக்லைனைக் கொண்டுவந்து புதிய தடம் வெட்டுகிறேன் என்று யாராவது திட்டம் தீட்டினால், அது மிதிவண்டிக்காகவே இருந்தாலும், அதை எதிர்த்து முதல் கையெழுத்துப் போடுவேன்.

பழைய பாதைகளை மட்டும் வைத்து என்ன செய்துவிட முடியும் என்று சிலர் கேட்கலாம். மலை மிதிவண்டி என்ற விளையாட்டே பழைய பாதைகளில் பிறந்ததுதான். 1970-களில் கலிஃபோர்னியாவின் டமால்பைஸ் மலையில், காட்டுத்தீயை அணைக்கப் போவதற்காகப் போட்டிருந்த மண்சாலைகளில், கனத்த பழைய சைக்கிள்களை ஓட்டி இறங்கிய இளைஞர்களே அதைத் தொடங்கிவைத்தார்கள். அந்த வட்டாரத்தில் 1976-இல் தொடங்கிய போட்டிக்கு ரீபேக் என்று பெயர் வந்தது. இறக்கத்தின் முடிவில் பின்சக்கரப் பிரேக்கிலிருந்த கிரீஸ் முழுவதும் சூட்டில் எரிந்து ஆவியாகிவிடும். ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றி மறுபடி கிரீஸ் நிரப்ப வேண்டியிருந்ததே அந்தப் பெயருக்குக் காரணம்.

ஜப்பானில் ஓனோமிச்சியையும் இமாபாரியையும் தீவுகளின் வழியாக இணைக்கும் ஷிமானாமி கைடோ 1999-இல் திறக்கப்பட்டது. சுமார் 70 கிலோமீட்டர் நீளம். கடலைக் கடக்கும் பெரிய பாலங்களில் மிதிவண்டிக்குத் தனி வழி உண்டு. ஆனால் தீவுகளுக்குள் பெரும்பகுதி ஊர்ச் சாலைகளே. அவற்றின் ஓரத்தில் நீல நிறத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். மொழி தெரியாத அயலூரார்கூட அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே எழுபது கிலோமீட்டரும் போய்விடலாம். வாடகைக்கு எடுத்த மிதிவண்டியை எடுத்த இடத்திலேயே திருப்பித் தர வேண்டியதில்லை. வழியிலுள்ள வேறொரு நிலையத்திலும் விட்டுவிடலாம். ஈளாடாச் சாலையின் ஓரத்தில் அப்படி ஒரு கோடு போட எத்தனை டப்பா பெயின்ட் தேவைப்பட்டுவிடும்?

இதைவிட நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு இலங்கை மலையகத்தில் இருக்கிறது. கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ வழித்தடம், 300 கிலோமீட்டர் நீளத்தை 22 பகுதிகளாகப் பிரித்து அடையாளமிட்ட நெடும்பாதை. முதன்மையாக நடப்பவர்களுக்கானது என்றாலும், அதன் அடிப்படை நான் சொல்லவருவதேதான்: தேயிலையைக் கொண்டுசெல்வதற்காகப் போடப்பட்ட பழைய பாதைகளையே கோத்து, வழியிலுள்ள ஊர்களுக்கு வருமானம் வரும்படி அமைத்திருக்கிறார்கள். அந்தத் தேயிலைத் தோட்டங்களைத் தங்கள் உழைப்பால் உண்டாக்கியவர்கள் தமிழகத்திலிருந்து போன நம் மக்கள். 1964-ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய அவர்களுடைய குடும்பங்கள் இன்று கோத்தகிரியிலும் கூடலூரிலும் பந்தலூரிலும் வாழ்கின்றன. என் வகுப்பில் அவர்களின் பேரப்பிள்ளைகள் படித்தார்கள். பாட்டன் நடந்த மலையில் பாதைகளுக்குக் கிடைத்த மதிப்பு, பேரன் வாழும் மலையின் பாதைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான ஆசைதானே?

இதற்கு வரும் மறுப்புகளில் மிகவும் கனமானது காட்டுயிர் பற்றியது. அதை நான் மனதார ஏற்கிறேன். நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக 1986-இல் அறிவிக்கப்பட்ட நீலகிரியில், யானை வழித்தடங்களைக் காக்க, முதுமலையை ஒட்டிய சீகூர்ப் பகுதிக்காகப் பிறப்பிக்கப்பட்ட அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதிசெய்தது. முதுமலை வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. ஆகவே காப்புக் காடுகளுக்குள்ளும், புலிகள் காப்பகத்திலும், சீகூர்ப் பீடபூமியிலும், சோலைக்காடுகளிலும் எந்த மிதிவண்டித் தடமும் வேண்டாம். ஓசையில்லாமல் வேகமாக வரும் மிதிவண்டி, யானைக்கும் கரடிக்கும் காரைவிடத் திடுக்கிடும் பொருள் என்பதை ஓட்டுகிறவர்களே முதலில் உணர வேண்டும். ஊர்களும் தோட்டங்களும் உள்ள பகுதிகளில்கூட, காலை ஏழு மணிக்கு முன்பும் மாலை ஐந்து மணிக்குப் பின்பும் யாரும் தடத்தில் இருக்கக் கூடாது என்ற விதி அவசியம். கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் அந்தி வேளையில் கரடி நடமாடுவது இங்குள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் தெரியும். கோவையிலிருந்து வருகிறவருக்குத் தெரியாது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீப்பருவம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன 23 பேர் காட்டுத்தீயில் மாண்ட துயரத்தை நாம் மறக்கலாகாது. அந்த மாதங்களில் புல்வெளிகளை ஒட்டிய தடங்களை மூடிவிடலாம். அந்த விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வகுத்த அரசு, 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை இணையவழி முன்பதிவுடனும் பயிற்சிபெற்ற வழிகாட்டிகளுடனும் திறந்துவைத்தது. மிதிவண்டிக்கும் அதே ஒழுங்கை வைக்கலாம்: நாளொன்றுக்கு இத்தனை பேர், இன்ன நேரம், இந்த வழிகாட்டி என்று.

தோட்ட உரிமையாளர்களின் தயக்கமும் பொருளற்றதல்ல. வெளியார் வந்தால் இலை திருட்டுப் போகும், குப்பை சேரும், யாராவது விழுந்து காலை ஒடித்துக்கொண்டால் வழக்கு நம் தலையில் விழும் என்று அஞ்சுகிறார்கள். பெருந்தோட்டத்துக்கு இது சிறு தொல்லைதான். ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்துக்கொண்டு பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காமல் தவிக்கும் சிறு விவசாயிக்கோ ஒவ்வொரு கிலோ இலையும் கணக்கு. அவரையே இந்தத் திட்டத்தில் பங்காளியாக்கினால் இந்தத் தயக்கம் பெருமளவு தீரும் என்று நினைக்கிறேன். தடம் கடந்து போகும் ஒவ்வோர் ஊரிலும், அந்த ஊராரே ஒரு குழுவாகச் சேர்ந்து, தங்கள் எல்லைக்குள் உள்ள பாதையை மழைக்கு முன்பும் பின்பும் சீர்செய்யட்டும். வடிகாலில் அடைத்த சருகை அள்ளட்டும். சரிந்த கல்லை எடுத்து வைக்கட்டும். நுழைவுக் கட்டணத்தில் கணிசமான பங்கு அந்தக் குழுவுக்கு நேராகப் போய்ச் சேர வேண்டும். மிதிவண்டி வாடகை, பஞ்சர் கடை, டீக்கடை, வழிகாட்டி வேலை ஆகியவை அந்தந்த ஊர் இளைஞர்களுக்கே கிடைக்க வேண்டும். விபத்துக் காப்பீட்டை முன்பதிவுக் கட்டணத்தோடு சேர்த்துவிடலாம். தோடர் மந்துகளின் கோயில்களையும், கோத்தர் வழிபாட்டிடங்களையும், ஹட்டிகளின் முற்றங்களையும் காட்சிப் பொருளாக்காமல், அந்த மக்கள் எந்த வழியாகப் போகலாம் என்று சொல்கிறார்களோ அந்த வழியாக மட்டுமே தடம் போக வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ள வேண்டும்.

ஏற்றத்தைக் கண்டு அஞ்சுகிறவர்களுக்கு நம்மிடம் உலகப் புகழ்பெற்ற ஒரு வசதி இருக்கிறது. 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் வந்துசேர்ந்த, 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நம் மலை ரயிலைத்தான் சொல்கிறேன். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பற்சக்கரத்தின் துணையோடு ஏறும் பகுதியில் கூடுதல் சுமை ஏற்றுவது எளிதல்ல என்பது தெரியும். ஆனால் குன்னூருக்கும் உதகைக்கும் இடையில் பற்சக்கரம் இல்லை. அந்தப் பகுதியில் மட்டும், ஒரு பெட்டியில் பத்து மிதிவண்டிகளை நிறுத்தி வைக்க இடம் ஒதுக்கினால், ரயிலில் ஏறி லவ்டேலிலோ உதகையிலோ இறங்கிக் கேத்திப் பள்ளத்தாக்கு வழியாகக் குன்னூருக்கு மிதிவண்டியில் இறங்கி வரலாம். அரசுப் பேருந்துகள் சிலவற்றின் பின்புறம் மிதிவண்டி மாட்டும் சட்டகம் பொருத்துவது இன்னும் எளிது. கோத்தகிரிப் பேருந்தில் என் சைக்கிளை ஏற்ற வேண்டுமானால் இன்று அது நடத்துநரின் மனநிலையைப் பொறுத்த காரியம். விதி என்று ஒன்று இருந்தால் அவருக்கும் சங்கடமில்லை, எனக்கும் சங்கடமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது சுற்றுலாப் பயணிகளின் விளையாட்டு என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி, சமவெளியில் எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளை, குறிப்பாகப் பெண் பிள்ளைகளை, பள்ளிக்குக் கொண்டுசேர்த்திருக்கிறது. மலையில் அந்தக் கியர் இல்லாத வண்டியை ஏற்றத்தில் மிதிக்க முடிவதில்லை. என் மாணவி ஒருத்தி காலையில் வீட்டிலிருந்து பள்ளிக்கு இறக்கமாக ஓட்டி வருவாள். மாலையில் புத்தகப் பையைக் கேரியரில் கட்டிக்கொண்டு மூன்று கிலோமீட்டரும் தள்ளிக்கொண்டே ஏறுவாள். மழைக்காலத்தில் பிரேக் கட்டை ஈரத்தில் வழுக்குவதால், இறக்கத்தில் செருப்புக் காலைத் தரையில் உரசி வேகத்தைக் குறைப்பாள். அந்தச் செருப்பின் குதி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மலை மாவட்டப் பிள்ளைகளுக்கு மட்டுமாவது ஆறேழு கியர்களும் டிஸ்க் பிரேக்கும் உள்ள வண்டியை வழங்க வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன். தடம் சீராகி, வண்டியும் சரியாக அமைந்துவிட்டால், ஹட்டிக்கும் பள்ளிக்கும் இடையே அந்தப் பிள்ளைகள்தான் அதை நாள்தோறும் பயன்படுத்துவார்கள். விடுமுறைக்கு வருகிறவர்கள் அவர்களுக்குப் பின்னால்தான்.

முதலில் இரண்டே தடங்களை எடுத்துக்கொண்டால் போதும். கோத்தகிரி, ஈளாடா, கோடநாடு வழி ஒன்று. முத்தோரை பாலாடா, இத்தலார், எமரால்டு வழி மற்றொன்று. அவற்றை ஒட்டியுள்ள பழைய மண்பாதைகளில் எவை சரிவை ஒட்டிப் போகின்றன, எவை நேராக இறங்குகின்றன, எங்கே வடிகால் அடைத்திருக்கிறது, எது யாருடைய நிலம், எங்கே காட்டுமாடும் கரடியும் வழக்கமாகக் கடக்கின்றன என்று நடந்தே அளந்து வரைபடம் ஆக்க வேண்டும். அதற்குப் பெரிய நிறுவனமோ வெளிநாட்டு ஆலோசகரோ தேவையில்லை. ஒரு வனக்காவலர், ஒரு நில அளவையர், ஊருக்கு இருவர், சரிவை அளக்க ஒரு கருவி, இரண்டு மாதம் போதும். மழை ஓய்ந்து மண் இறுகும் தை மாதமே அதற்கு ஏற்ற காலம். என்னிடம் புவியியல் படித்த பிள்ளைகளில் பலர் இன்றும் இந்த ஊர்களிலேயே இருக்கிறார்கள். சமஉயரக் கோடு என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். மாவட்ட நிர்வாகம் அழைத்தால் அவர்கள் ஊதியம் கேட்காமல் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குதிரைப் பாதை எங்கே தொடங்குகிறது என்று காட்ட நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகன்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.